டெய்லர் லாசரஸ் கோல்ஃப் ஆடிய செவ்வாய்க்கிழமை

லாசரஸுக்கு வேண்டியிருந்தது மூன்றாம் பரிசு. தலையை இடமும் வலமும் ஆட்டிக் காற்று வீசும் நெட்டை மின்விசிறி. சிங்கப்பூர் டன்லப் ஸ்திரீட்டில் அவருடைய தையல்கடை ஒரு ரயில் பெட்டி அகலம்தான். இஸ்திரிப்பெட்டி சூடேறிவிட்டால் உள்ளே ரொட்டி சுடலாம். அதனால் மாதா கோயில் சந்தையில் குலுக்கல் சீட்டு பத்து வாங்கி, ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லி, சட்டைப் பையில் பத்திரப்படுத்தியிருந்தார்.

மாதாவுக்கு அவர் கேட்டது சரியாகக் காதில் விழவில்லை போலும். பங்குச் சாமியார் ஒலிபெருக்கியில், "முதல் பரிசு, நம்ம லாசரஸ் டெய்லர்!" என்று முழங்கினார். கூட்டம் கை தட்டியது. மேடையேறிப் போனால் கையில் ஒரு நீளமான உறையைக் கொடுத்தார்கள். உறைக்குள் ஒரு கூப்பன். மண்டாய்ப் பக்கத்துப் பொது கோல்ஃப் திடலில் இருவருக்கு ஒருநாள் ஆட்டம், மட்டைகள் இரவல், ஒன்பது குழிகளையும் முடித்தபின் மதிய உணவு. ஆகஸ்ட் 31, 1983 வரை செல்லும்.

மின்விசிறி பரிசு விழுந்தவரிடம் லாசரஸ் போய் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார்த்தார். அந்த ஆள் கூப்பனை வாங்கி முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, விசிறியைக் குழந்தை மாதிரி இறுக அணைத்துக்கொண்டு போய்விட்டான்.

"சாமியார் கிட்டயே திருப்பிக் கொடுத்துடறேன்" என்றார் லாசரஸ், வீட்டுக்கு வந்ததும்.

அவருடைய மனைவி அல்போன்சம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கூப்பனை ஒரு வரி விடாமல் படித்தாள். பங்கு அலுவலகத்தில் இருபது வருஷமாக ஞானஸ்நானச் சான்றிதழும் ஞாயிறு அறிக்கையும் தட்டச்சு செய்கிறவள். அச்சடித்த எதையும் அவள் முழுதாகப் படிக்காமல் கீழே வைத்ததில்லை. தைலக் குப்பியின் மேல் ஒட்டியிருக்கும் தாளைக்கூட.

"எதுக்குத் திருப்பிக் கொடுக்கணும்? போவோம்."

"எங்க?"

"கோல்ஃப் ஆட."

லாசரஸ் அவளை உற்றுப் பார்த்தார். முப்பத்தோரு வருஷ இல்லறத்தில் அவள் ஆடிய ஒரே ஆட்டம் கேரம்போர்டு. அதுவும், இப்போது கல்யாணமாகிப் போய்விட்ட மகள் ஜோசபினுக்கு அம்மை போட்டிருந்தபோது.

"மூட்டு வலின்னு மாடிப்படி ஏறவே உனக்கு முடியல. அங்க மேடும் பள்ளமுமா இருக்கும்."

"மெதுவா நடப்பேன். கடையை ஒரு நாள் அடைச்சா ஒண்ணும் குடி முழுகாது. செவ்வாக்கிழமை போறோம், லா" என்று சிங்கப்பூர்ப் பேச்சின் "லா" போட்டு முடித்தாள்.

அவள் இவ்வளவு உற்சாகமாகப் பேசுவதில் ஏதோ இருக்கிறது என்று லாசரஸுக்குப் பட்டது. ஆனால் அன்றைக்கு மூன்று பேருக்குக் கால்சட்டை கொடுக்க வேண்டியிருந்ததால் அதைத் துருவிப் பார்க்க நேரமில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பஸ் தாம்சன் ரோட்டைத் தாண்டி வடக்கே போகப் போக, கட்டடங்கள் குறைந்து மரங்கள் கூடின. லாசரஸ் இந்தப் பக்கம் வந்து வருஷக்கணக்காகிறது. தேக்கா மார்க்கெட்டும் சிராங்கூன் ரோடும் கோயிலும் அடங்கிய முக்கோணத்தை விட்டு அவர் வெளியே வருவது கல்யாணத்துக்கும் கருமாதிக்கும்தான். அல்போன்சம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்து, கைப்பையை மடியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

திடல் அழகாகத்தான் இருந்தது. பச்சைப் பாயை உதறிவிட்டு அப்படியே போட்ட மாதிரி நிலம் ஏறி இறங்கி ஏறிக் கிடந்தது. இரு பக்கமும் அடர்ந்த காடு. நடுவில் ஒரு குளம், அதன் கரையில் தங்கும் குடில்கள், குன்றின்மேல் ஓட்டுக்கூரை போட்ட உணவகம். வெள்ளைக் காலணி போட்ட ஆசாமிகள் தோளில் மட்டைப் பை மாட்டிக்கொண்டு போனார்கள். லாசரஸ் ஞாயிற்றுக்கிழமைக் காலணியும், தானே தைத்த சாம்பல் நிறக் கால்சட்டையும் போட்டிருந்தார். அல்போன்சம்மாள் சேலையை நன்றாக இழுத்துச் செருகி, கான்வாஸ் ஷூ போட்டு, குடையும் எடுத்து வந்திருந்தாள்.

திடல் கண்காணிப்பாளர் அப்துல் அலீம் என்பவர். நாற்பது வயசிருக்கும். ஆட்டக்காரர்களைத் தேங்கவிடாமல் நகர்த்துவது அவர் வேலை. அதற்காக ஒரு சின்னப் பேட்டரி வண்டியில் சுற்றிக்கொண்டே இருப்பார். கூப்பனைப் பார்த்ததும் சிரித்துவிட்டு, மட்டையைப் பிடிப்பது எப்படி, பந்தை அடிப்பது எப்படி என்று காட்டினார்.

"அண்ணே, ரொம்ப லேசு. பந்தைப் பார்த்துக்கிட்டே அடிங்க. கொடி நிக்கிற குழியில விழற வரைக்கும் எத்தனை அடின்னு எண்ணிக்குங்க. குறைச்ச அடியில போட்டவங்க அந்தக் குழியை ஜெயிச்சாங்க. குளத்துல விழுந்தா ஒரு அடி கூடச் சேர்த்துக்கணும். மத்ததெல்லாம் இந்தக் கார்டு பின்னாடி அச்சடிச்சிருக்கு."

"கொடுங்க, நான் படிக்கிறேன்" என்று அல்போன்சம்மாள் கார்டை வாங்கிக்கொண்டாள்.

லாசரஸ் மட்டையை ஓங்கி வீசினார். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. இரண்டாம் முறை வீசினார். பக்கத்திலிருந்த புல் ஒரு கைப்பிடி பறந்து அவர் தலையில் விழுந்தது. மூன்றாம் முறை பந்து நகர்ந்தது, ஆனால் பின்னால். அப்துல் அலீம் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பி ஒரு மரத்தை ஆராய்ந்தார்.

அல்போன்சம்மாள் மாவு கிண்டுகிற மாதிரி மட்டையைச் சின்னதாக அசைத்தாள். பந்து நேராக இருபது கெஜம் உருண்டது. மறுபடி அசைத்தாள். மறுபடி இருபது கெஜம்.

"இப்படியே போனா மத்தியானம் போய்ச் சேர்ந்துடலாம்" என்றாள்.

குழிக்குப் பக்கத்தில், மழமழவென்று வெட்டிய புல்தரைக்கு வந்துவிட்டால் மட்டும் ஆட்டம் லாசரஸின் கைக்கு வந்துவிடும். ஊசியில் நூல் கோர்க்கும் கை அது. பந்தை மெல்லத் தொட்டு உருட்டினால் போதும். குழிக்கு யார் பந்து தூரமோ அவர்தான் முதலில் ஆட வேண்டும் என்று கார்டில் போட்டிருந்தது. சந்தேகம் வந்தபோதெல்லாம் லாசரஸ் பையிலிருந்து டேப்பை எடுத்து, மண்டியிட்டு அளந்து, "உனக்கு நாலடி ஏழு அங்குலம். எனக்கு நாலடி அஞ்சரை" என்று அறிவித்தார். பின்னால் வந்த ஜப்பானியர் நால்வர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு இதைப் பார்த்தார்கள். அவர்களை முன்னே போகவிட்டார்கள். அப்புறம் இரண்டு டாக்டர்களை. அப்புறம் ஒரு வங்கிக் கூட்டத்தை.

நான்கு குழிகள் முடிவதற்குள் லாசரஸுக்குத் தன்னையறியாமல் ஒரு குஷி வந்துவிட்டது. காற்று வந்தது. யாரும் "டெய்லர், என் பேன்ட் எங்க?" என்று கேட்கவில்லை. பெண்டாட்டி பக்கத்தில் நடந்து வந்தாள். கடைசியாக இருவரும் இப்படிப் பகல் வெளிச்சத்தில் சும்மா நடந்தது எப்போது என்று யோசித்தார். நினைவுக்கு வரவில்லை.

ஐந்தாம் குழி மேட்டின் உச்சியில் இருந்தது. ஏறி, அந்தக் குழியையும் ஆடி முடித்ததும் அல்போன்சம்மாள் குடையை ஊன்றி நின்று மூச்சு வாங்கினாள். பிறகு மரங்களுக்கு மேலே கையை நீட்டினாள். தூரத்தில் வெள்ளை வெளேரென்று அடுக்குமாடிகள், வரிசை வரிசையாக. நடுநடுவே பாரந்தூக்கிகள்.

"அது என்னன்னு தெரியுதா?"

"நீ சூன்."

"ஈசூன். பேரை மாத்திட்டாங்க. நல்லாருக்கா?"

"தூரத்துல இருந்து பார்த்தா எல்லாம் நல்லாத்தான் இருக்கும்."

அவள் கைப்பையைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் கடிதம். ஈசூனில் நாலறை வீடு தயார், ஏற்றுக்கொள்வதானால் வரும் வெள்ளிக்கிழமைக்குள் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

லாசரஸுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் மட்டையைக் கீழே போட்டார்.

"யாரு மனு போட்டது?"

"நாமதான். நீங்களும் கையெழுத்துப் போட்டீங்களே."

"நானா? எப்போ?"

"மூணு வருஷத்துக்கு முந்தி. தீபாவளி ஆர்டர்ல மெஷினை விட்டு எழுந்திருக்காம இருந்தீங்க. படிச்சுப் பாருங்கன்னு சொன்னேன். நீ படிச்சா போதும்னு சொல்லிட்டுப் போட்டீங்க."

அது உண்மைதான். அவர் அப்படித்தான் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுவார். அந்த உண்மையே அவர் கோபத்தை இன்னும் கிளப்பியது.

"அப்ப இந்த கோல்ஃப்?"

"ஈசூன்ல வீடு பார்க்க வாங்கன்னு கூப்பிட்டா வந்திருப்பீங்களா? பக்கத்துலதான் இருக்கு, பரிசும் விழுந்துச்சு. மாதா வழி காட்டுறாங்கன்னு நினைச்சேன்."

"மாதாவை இதுல இழுக்காதே! அந்தக் காட்டுல யாரு பேன்ட் தைக்க வருவா?"

"கடை அங்கயே இருக்கட்டும். குடியிருக்கிறதுதான் இங்க. இப்ப இருக்கிற வீட்டுல மூணு குடும்பத்துக்கு ஒரு குளியலறை. முப்பத்தோரு வருஷமா விடியக்காலையில வாளியைத் தூக்கிக்கிட்டு வரிசையில நிக்கிறது நீங்களா நானா? அந்த மரப்படியில எத்தனை தடவை ஏறி இறங்குறேன்னு எண்ணிப் பார்த்திருக்கீங்களா?"

"அதுக்கு? ஜனங்களை விட்டுட்டு? தேக்காவை விட்டுட்டு?"

"தேக்கா எங்கயும் ஓடிப் போகாது!"

குரல்கள் உயர்ந்தன. கீழே புல்தரையில் பந்தைக் குறிபார்த்துக்கொண்டிருந்த வங்கிக்காரர் ஒருவர் திடுக்கிட்டு அதை மணல் பள்ளத்தில் தள்ளினார். சற்றைக்கெல்லாம் அப்துல் அலீமின் வண்டி மேட்டில் ஏறி வந்தது.

"அண்ணே, அக்கா, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க. ஏதாச்சும் பிரச்சினையா?"

"பிரச்சினை ஒண்ணும் இல்ல" என்றார் லாசரஸ். முகம் சிவந்திருந்தது. "இன்னும் நாலு குழி இருக்கு இல்ல? யாரு ஜாஸ்தி குழி ஜெயிக்கிறாங்களோ அவங்க பேச்சுதான். நான் ஜெயிச்சா அந்தக் கடுதாசியைக் கிழிச்சுப் போட்டுடணும். நீ ஜெயிச்சா வீடு. சரியா?"

சூட்டில் சொல்லிவிட்டார். அல்போன்சம்மாள் ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு ஒரு துண்டுக் காகிதத்தில் அதைத் தெளிவாக எழுதி, கையெழுத்துப் போட்டு அவரிடம் நீட்டினாள். இந்தத் தடவை லாசரஸ் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். சாட்சியாக அப்துல் அலீமும் போட்டார். இருபது வருஷமாகத் திடல்களில் வேலை பார்க்கிறார். கூல் டிரிங்குக்குப் பந்தயம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறார், வீட்டுக்குக் கட்டியவர்களை இப்போதுதான் பார்க்கிறார்.

ஆறாம் குழி அல்போன்சம்மாளுக்கு. இருபது இருபது கெஜமாக நேராகப் போய்ச் சேர்ந்தாள். லாசரஸ் காட்டுக்குள் புகுந்து, செடிகொடியை அடித்து, சட்டையெல்லாம் ஒட்டுமுள்ளோடு வெளியே வந்தார்.

ஏழாம் குழியில் அவர் அடித்த பந்து ஒரு மரத்தில் பட்டு, கல்லில் பட்டு, யாரோ கூப்பிட்ட மாதிரி கொடியை நோக்கி ஓடியது. அந்தக் குழி அவருக்கு. "பார்த்தியா!" என்றார். "மரத்தைப் பார்த்தேன்" என்றாள் அல்போன்சம்மாள்.

எட்டாம் குழி சமம். இருவரும் ஆளுக்கொரு ஓரமாக நடந்தார்கள். ஆனால் சரிவில் இறங்கும்போது அவள் கால் இடறியது. அவர் சட்டென்று முழங்கையைப் பிடித்துக்கொண்டார். சமதரை வந்ததும் விட்டுவிட்டார்.

ஒன்பதாம் குழி குளத்தங்கரையில் இருந்தது. இருவரும் ஆளுக்குப் பதினோரு தடவை அடித்துப் புல்தரைக்கு வந்து சேர்ந்தார்கள். அப்துல் அலீம் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்தார். லாசரஸ் மண்டியிட்டு அளந்தார்.

"உனக்கு அஞ்சடி ஒரு அங்குலம். எனக்கு ரெண்டடி மூணு. நீ முதல்ல."

அவர் எழுந்திருப்பதற்குள் மரத்திலிருந்து ஒரு குரங்கு இறங்கியது. அவசரமில்லாமல் நடந்து வந்தது. லாசரஸின் பந்தை எடுத்து முகர்ந்தது. கடித்துப் பார்த்தது. அது தின்னும் பொருள் அல்ல என்று தெரிந்ததும் வெறுப்போடு குளத்துக்குள் எறிந்துவிட்டு, வந்த வழியே மரமேறிப் போய்விட்டது.

லாசரஸ் நீரில் பரவிய வளையங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"குளத்துல போச்சு" என்றார் கடைசியில். "ஒரு அடி கூட. நீ ஜெயிச்சுட்ட."

அப்துல் அலீம் வாயைத் திறந்தார். அதற்குள் அல்போன்சம்மாள், "இருங்க" என்றாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கார்டின் பின்பக்கத்தைக் கண்ணுக்கருகே கொண்டுபோனாள். விரல் வரிவரியாக இறங்கி, ஓரிடத்தில் நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

"நின்ன பந்தைக் குரங்கு எடுத்துட்டுப் போனா, அதே இடத்துல வேற பந்து வச்சு ஆடலாமாம். அடி கூடச் சேர்க்க வேண்டாமாம். ரெண்டடி மூணு அங்குலம்னு சொன்னீங்க. அங்கயே வைங்க."

"நிஜமாவா?"

"அச்சடிச்சிருக்கு."

லாசரஸ் அவளைப் பார்த்தார். அந்த வரியை அவள் படிக்காமல் விட்டிருக்கலாம். அவருக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை. அவள் விட்டிருக்கலாம் என்று அவளுக்கே தோன்றியதாகவும் தெரியவில்லை. அவள் பாட்டுக்குக் கார்டை மடித்து இடுப்பில் செருகிவிட்டு, தன் பந்தின் முன் போய் நின்றாள்.

மட்டையை அசைத்தாள். பந்து நேராகப் போய், குழியின் விளிம்பில் ஒரு சாண் தள்ளி நின்றுவிட்டது. "அட மாதாவே" என்று மெல்லச் சொன்னாள். இன்னொரு தட்டில் உள்ளே போட்டாள். பதின்மூன்று.

இப்போது லாசரஸ். வைத்த பந்துக்கும் குழிக்கும் நடுவே ரெண்டடி மூணு அங்குலம் வழுவழுப்பான புல். வேண்டுமென்றே தவறவிடலாம் என்று ஒரு நினைப்பு அவருக்குள் எட்டிப் பார்த்தது. உடனே விரட்டிவிட்டார். அவளுக்கு எதிரான வரியை அவளே வாசித்துக் காட்டியிருக்கிறாள். அதற்குப் பிறகு கோணலாக ஆடினால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? நேராக நின்றார், நேராகத் தட்டினார். பந்து உள்ளே விழுந்து கிணுங்கென்றது.

"அண்ணே ஜெயிச்சுட்டாங்க" என்றார் அப்துல் அலீம், துக்கம் விசாரிக்கிற குரலில்.

அல்போன்சம்மாள் கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கணவரிடம் கொடுத்தாள். "இந்தாங்க. கிழிச்சுடுங்க. வாங்க சாப்பிடப் போவோம், பசிக்குது."

உணவகத்தில் சிக்கன் சாப் வந்தது. அல்போன்சம்மாள் கத்தியும் முள்ளும் பிடித்து ரசித்துச் சாப்பிட்டாள். லாசரஸுக்கு இறங்கவில்லை. ஜெயித்தவன் வயிறு இப்படியா இருக்கும் என்று எண்ணிக்கொண்டார். கடிதம் மேஜைமேல் கிடந்தது. எடுத்து, கிழிப்பதற்கு முன் என்னதான் எழுதியிருக்கிறது என்று முதல் வரியைப் பார்த்தார். அப்புறம் இரண்டாம் வரி. அப்புறம் கடைசி வரை.

"எத்தனை குளியலறை?"

"ரெண்டு" என்றாள், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

"எதுக்கு ரெண்டு? நாம ரெண்டு பேருதானே?"

"ஆளுக்கு ஒண்ணு."

லாசரஸ் கொஞ்சம் தண்ணீர் குடித்தார். "ஜன்னல் எந்தப் பக்கம்?"

"தெரியாது. அதெல்லாம் எழுதலை. போய்ப் பார்த்தாத்தான் தெரியும்."

"பஸ் அந்த வழியாத்தானே போகுது. பார்த்துட்டுப் போவோம். பார்க்கிறதுல என்ன?"

"நம்ம பஸ் அந்த வழியாப் போகாது. அது எதிர்ப்பக்கம்."

"அப்ப எதிர்ப்பக்க பஸ்ல ஏறுவோம்!" என்றார் லாசரஸ், எரிச்சலோடு. "பந்தயத்துல ஜெயிச்சவன் பேச்சுதானே? நான் சொல்றேன், பார்க்கணும்."

அல்போன்சம்மாள் அப்போதுதான் தலை நிமிர்ந்தாள். தன் தட்டிலிருந்த உருளைக்கிழங்கு வறுவலில் பாதியை அவர் தட்டுக்குத் தள்ளினாள். அவருக்குப் பசி வந்துவிட்டது.

ஈசூனில் அந்த அடுக்குமாடி பிளாக்கில் லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் நிற்காது. ஒன்று, ஐந்து, ஒன்பது என்றுதான் நிற்கும். இவர்களுக்கு வந்திருந்த வீடு நான்காம் மாடி. ஐந்தில் இறங்கி ஒரு மாடி கீழே வர வேண்டும். வீடு பூட்டியிருந்ததால் லிஃப்டுக்கு மறுபடி மேலே ஏறினார்கள். ஐந்தாம் மாடியில், சரியாக இந்த வீட்டுக்கு மேல்வீட்டில், ஜரீனா என்ற பெண் போன மாசம்தான் குடிவந்திருந்தாள். வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தவள், இவர்கள் முழிப்பதைப் பார்த்து, "எல்லா வீடும் ஒரே மாதிரிதான் இருக்கும், உள்ள வந்து பாருங்க" என்று தமிழிலேயே கூப்பிட்டாள்.

உள்ளே சுண்ணாம்பு வாசம் இன்னும் போகவில்லை. ஜன்னல் வழியே பகல் மூன்று மணி வெளிச்சம் தரையெல்லாம் கொட்டிக் கிடந்தது. லாசரஸ் ஜன்னலருகே போய் வெகுநேரம் நின்றார். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டினாலும் இங்கே கண் தெரியும். காற்று அவர் சட்டையை உப்ப வைத்தது.

"இப்படித்தான் எப்பவும் காத்து வருமா?" என்று ஜரீனாவைக் கேட்டார்.

"கதவைத் திறந்து வச்சா காலண்டரே பறந்துடும் அங்கிள்."

அல்போன்சம்மாள் அதற்குள் இரண்டு குளியலறைகளையும் பார்த்துவிட்டு, மூன்றாம் முறையாக முதலாவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை கடையை மறுபடியும் ஒரு வேளை அடைத்தார்கள். சீனப் புத்தாண்டு கழிந்து, பிப்ரவரிக் கடைசியில் சாமான்களை லாரியில் ஏற்றினார்கள். கடை டன்லப் ஸ்திரீட்டிலேயே இருந்தது. லாசரஸ் காலையில் பஸ்ஸில் போய், சாயங்காலம் பஸ்ஸில் திரும்பினார். பஸ் தாமதம், பஸ் கூட்டம், நீ சூன் தூரம் என்று வாடிக்கையாளர்களிடம் முறைவைத்துக் குறைபட்டுக்கொண்டார். பெயர் மாறிவிட்டதே என்று யாராவது சொன்னால் அதற்கும் தனியாக ஒரு குறை வைத்திருந்தார்.

புது வீட்டில் அவருக்குப் பிடிபடாத விஷயம் ஒன்றே ஒன்றுதான். முதல் ஒரு மாசம் முழுக்க, லிஃப்டிலிருந்து ஐந்தாம் மாடியில் இறங்கி, ஒரு மாடி கீழே போக மறந்து, ஜரீனா வீட்டுக் கதவைத் தட்டி, "அல்போன்சா, கதவைத் திற" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜரீனாவும் முதல் வாரம் அவருக்கு வழி காட்டினாள். இரண்டாம் வாரத்திலிருந்து டீ போட்டு வைத்துவிட்டு, பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்துக் கீழே குரல் கொடுத்தாள்.

"ஆன்ட்டி! அங்கிள் இங்க வந்துட்டார். நீங்களும் மேல வந்துடுங்க, லா!"